செவா பிரதர்ஸின் ஒரே ரெக்கார்டிங்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பேகம்பூரில் வாஜித் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு செழியன் ஒரு லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருந்தான். அதன் பிறப்பு, வளர்ப்பு, அதை விற்ற கடைக்காரரின் பரம்பரை, எதையும் விடவில்லை. லேப்டாப் எதிர்த்துப் பேசவில்லை. அந்த மட்டில் அது வாஜித்தைவிட மரியாதை தெரிந்தது.

"நீ திட்டுறதையும் அது ரெக்கார்டு பண்ணுச்சான்னு பாரு மாப்ள," என்றான் வாஜித். "அதாச்சும் தெளிவா விழுந்திருக்கும்."

நாற்பத்திரண்டு நிமிடம் இரண்டு பேரும் வியர்க்க வியர்க்க மிக்ஸ் போட்டிருந்தார்கள். திருப்பிப் போட்டுக் கேட்டால், பாட்டு மூன்று தெரு தள்ளி யார் வீட்டிலோ ஓடுவதுபோல் இருந்தது. குக்கர் மட்டும் காதுக்குள்ளேயே நின்று மூன்று விசில் அடித்தது. அதற்கும் மேலே வாஜித்தின் அம்மா, "இஞ்சிய எங்கடா வச்ச?" என்று கேட்டார். அந்தச் சாப்ட்வேர், லேப்டாப்புக்கு உள்ளே ஓடுகிற பாட்டை விட்டுவிட்டு, அதன் மைக் வழியாக வீட்டையே பதிவு செய்திருந்தது.

"சாப்ட்வேர் சரியில்ல," என்றான் செழியன்.

"குக்கர் நல்லா இருக்கு," என்றான் வாஜித்.

செழியனுக்கு வயது இருபத்தைந்து. பாலிடெக்னிக்கில் இரண்டு வருடம் படித்தான். மூன்றாம் வருடம் அவனும் பாலிடெக்னிக்கும் பேசிவைத்துப் பிரிந்துவிட்டார்கள். இப்போது வேடசந்தூர் பக்கத்து நூல் மில்லுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸில் இன்சார்ஜ். இன்சார்ஜ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் பஸ்ஸில் ஏறி, ஊர் ஊராக ரோட்டோரம் நிற்கும் பெண்களின் பெயரை நோட்டில் டிக் அடித்து, எட்டு மணி ஷிப்டுக்கு மில் வாசலில் இறக்கிவிட வேண்டும். பகல் முழுக்க ஸ்டோரில் அட்டைப்பெட்டி அடுக்க வேண்டும். சாயங்காலம் அதே பெயர்களை அதே நோட்டில் மறுபடி டிக் அடிக்க வேண்டும்.

இந்த வேலையில் சலிப்பு வராமல் இருக்க அவன் சில ஏற்பாடுகள் செய்துகொள்வான். ஒருமுறை மில் சங்குச் சத்தத்தைப் போனில் பிடித்துவந்து, பஸ் பாதி வழியில் போகும்போது ஸ்பீக்கரில் அலற விட்டான். தூங்கிக்கொண்டிருந்த நாற்பது பேரும் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள். டிரைவர் கண்ணுசாமி பிரேக்கே அடித்துவிட்டார். அப்புறம் ஒரு வாரம் பஸ்ஸில் யாரும் அவனோடு பேசவில்லை. மூன்றாவது சீட்டு சண்முகவள்ளி மட்டும் பேசினாள். அவள் பேசியது எதுவும் எழுதக்கூடியதல்ல.

அது வார நாள் செழியன். விசேஷ நாள் செழியன் வேறு. அவனும் வாஜித்தும் சேர்ந்து டிஜே. பெட்டியில் 'செவா பிரதர்ஸ்' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். வாஜித் ஏசி மெக்கானிக். ஆறு வருடத்துக்கு முன்னால் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு காதுகுத்தில் ஸ்பீக்கர் தூக்கப்போன இடத்தில் பழக்கம். அன்றைக்கு வர வேண்டிய டிஜே வரவில்லை. கூட்டம் கத்த ஆரம்பித்ததும் இவன் போனையும் அவன் போனையும் மாற்றி மாற்றிச் சொருகி ஒப்பேற்றினார்கள். அந்த ஒப்பேற்றல்தான் ஆறு வருடம் ஓடியது.

ஒரே கன்சோல், இரண்டு பேர். இடது பக்கம் செழியன், வலது பக்கம் வாஜித். இவன் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அடியில் அவன் பாட்டு வந்து உட்காரும். பேச்சே கிடையாது. மேஜைக்கு அடியில் முழங்காலால் ஒரு இடி, அவ்வளவுதான். இடி வந்தால் "நான் வாரேன், நீ இறங்கு" என்று அர்த்தம். கொடைரோடு, நிலக்கோட்டை, வேடசந்தூர் என்று இருநூறு விசேஷமாவது இப்படி முழங்காலிலேயே ஓட்டியிருப்பார்கள். அதில் ஒன்றுகூடப் பதிவில் இல்லை. இருப்பதெல்லாம் சொந்தக்காரர்கள் போனில் எடுத்த வீடியோ. அதில் பாட்டு என்பது டம்டம் என்று ஒரு அடி, நடுவில் யாரோ ஒரு சித்தப்பாவின் விசில்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வாஜித் சென்னைக்குப் போகிறான். அன்று ராத்திரி அங்கிருந்து தோகா. இரண்டு வருட ஒப்பந்தம்.

"இன்ஸ்டாவுல போடணும், ஒரு நல்ல மிக்ஸ் ரெக்கார்டு பண்ணிருவோம்," என்றுதான் செழியன் ஆரம்பித்தான். தோகாவில் ஏதோ ஒரு அறையில் கட்டிலில் படுத்து வாஜித் கேட்க வேண்டும் என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொன்னால் அவன் செழியன் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கன்சோலில் இடது பக்கம் மட்டும்தான் ஆள் இருக்கும். அதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட ஒன்று, சுத்தமான சத்தத்தில், வாஜித் போனில் ஏறியாக வேண்டும். இது அவனுக்குள்ளேயே கிடந்தது. வெளியே வரும்போதெல்லாம் சாப்ட்வேர் மேல் கோபமாக வந்தது.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிஜே கன்சோலில் சத்தத்தின் அளவைக் காட்ட வரிசையாகக் குட்டி விளக்குகள் இருக்கும். கீழே பச்சை, நடுவில் மஞ்சள், உச்சியில் செகப்பு. விசேஷ வீட்டில் பாட்டு ஆரம்பித்துச் செத்த நேரத்தில், தோளில் துண்டோடு ஒருவர் கன்சோல் பக்கம் வருவார். பெரும்பாலும் தாய்மாமனாக இருப்பார். அவருக்குப் பாட்டு முக்கியமில்லை. விளக்கைத்தான் பார்ப்பார். செகப்பு எரியவில்லை என்றால், "என்ன தம்பி, டார்ச் பேட்டரியில ஓட்டுறியா? நான் தாம்பாளம் வச்சது அடுத்த ஊருக்குக் கேக்க வேணாமா?" என்பார். எரிந்தால் தலையாட்டிவிட்டுப் பந்திக்குப் போவார். நிலக்கோட்டையில் ஒரு பூக்கடை மாமன், எரிகிற செகப்பைத் தன் ஆட்களுக்குக் காட்டி, அதன் பக்கத்தில் நின்று போட்டோவே எடுத்துக்கொண்டார்.

ஆகவே ஆறு வருடத்தில் இருவர் விரலும் ஒன்றைப் படித்துக்கொண்டன. செகப்பு அணையக் கூடாது. சத்தம் அந்த உச்சியில் முட்டிக் கரகரக்கும்தான். நானூறு பேர் கத்துகிற பொட்டலில் அது யார் காதில் விழப்போகிறது? விழுந்தவர்களும் அதற்குப் 'பஞ்ச்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்தச் செகப்பை ஞாபகம் வைத்துக்கொண்டால், நீங்கள் செழியனைவிட மூன்று நாள் முன்னால் போய்விடலாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் செழியன் புதுச் சாப்ட்வேரோடு வந்தான். டிஜே சாப்ட்வேரிலேயே ரெக்கார்டு பட்டன் ஒன்று சிவப்பாக, அழகாக இருந்தது. அமுக்கினால் காசு கட்டச் சொன்னது. அதனால் வேறு ஒன்றை இறக்கியிருந்தான். இது மைக்கை நம்பாமல் லேப்டாப்புக்கு உள்ளே ஓடும் சத்தத்தையே பிடிக்குமாம். பிடித்தது. குக்கர் இல்லை, இஞ்சி இல்லை. செழியன் மேஜையைத் தட்டினான். வாஜித்தின் அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, முதல் ஒரு நிமிடத்துக்கு மேல் கேட்காமலேயே போனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் போனை வயரில் மாட்டினான். கண்ணுசாமியின் பஸ்ஸில் ஸ்பீக்கர் விஷயத்தில் குறை சொல்ல முடியாது. சீட்டு கிழிந்திருக்கும், கண்ணாடி ஆடும், ஆனால் சத்தம் தேனாக வரும். பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

முதல் இரண்டு நிமிடம் மெதுவான பாட்டு, பிரமாதம். பாட்டு ஏறுகிற இடத்தில் திடீரென்று ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல், இது இலவசமாகச் சோதித்துப் பார்க்கும் பதிப்பு என்று இங்கிலீஷில் பணிவாகச் சொன்னது. அடுத்த இரண்டாவது நிமிடம் மறுபடி சொன்னது. அவள் ஒரு இடத்தையும் விடவில்லை; நடுவில் பாட்டு எப்படி இருந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

"யாரு டிஜே அண்ணே இந்த அக்கா?" என்று பின் சீட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள். "மூணு பேரா சேந்துட்டீங்களா?"

"வாஜித் அண்ணன் போறாருன்னு புது ஆளு போட்டிருக்காக," என்றாள் சண்முகவள்ளி. "ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா வந்து வேலை கேக்குது பாவம்."

பஸ்ஸே சிரித்தது. செழியன் வயரைப் பிடுங்கினான். நோட்டில் சண்முகவள்ளி பெயருக்கு நேரே டிக் அடிக்காமல் விட்டுப் பழிவாங்கலாமா என்று யோசித்தான். பிறகு அடித்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு படையெடுப்பே நடந்தது. ஒரு சாப்ட்வேர் சரியாகப் பத்தாவது நிமிடத்தில், பாட்டு நடுவில், கடையைச் சாத்திக்கொண்டது. இன்னொன்று முழுதும் பதிந்தது. ஆனால் சத்தத்தை அமுக்கி அமுக்கிச் சின்ன கோப்பாக்கியதில் ஜால்ரா அடியெல்லாம் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சொய்ங் என்றது. நல்ல பாட்டு ஓடும்போது மில் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ பூங்கொத்து படம் அனுப்ப, அந்த 'டிங்' பாட்டோடு சேர்ந்து அச்சாகப் பதிந்தது. செல்போன் கடை நண்பன் ஒருவன் 'பூட்டு உடைச்சது' என்று கொடுத்த சாப்ட்வேரை ஏற்றியதும், லேப்டாப் திறக்கும்போதெல்லாம் ரம்மி ஆடக் கூப்பிட ஆரம்பித்தது.

"இதுக்கு நம்ம குக்கரே தேவலை," என்றான் வாஜித்.

"வாய மூடிட்டு வாசிடா."

"எத்தன தடவடா வாசிக்கிறது? ஒரே பாட்ட அஞ்சு தடவ கல்யாணத்துல போட்டா, பொண்ணே எந்திரிச்சுப் போயிரும்."

கடைசியில் ஒன்று சிக்கியது. முழு இலவசம். ரம்மி அழைப்பு இல்லை, வெள்ளைக்காரி இல்லை, நேரக் கணக்கு இல்லை. பதிவாகும் சத்தத்தைத் திரையில் நீலக் கோடாக வரைந்தும் காட்டியது. செழியன் அதில் இருந்த ஒவ்வொரு பட்டியலையும் திறந்து, எங்கெல்லாம் எண் கேட்டதோ அங்கெல்லாம் இருப்பதிலேயே பெரிய எண்ணாகப் பார்த்து வைத்தான். எந்த எண் எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. பெரிசு என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்பது அவன் கட்சி. நாற்பது நிமிடம் வாசித்து முடித்துத் திரையைப் பார்த்தால், நீலக் கோடு என்று ஒன்று தனியாகத் தெரியவே இல்லை. மேலிருந்து கீழ் வரை பூசிவிட்ட சுவர் மாதிரி ஒரே நீலம்.

"பாத்தியா," என்றான் செழியன். திரையைத் தொட்டுக் காட்டினான். "ஒரு இடம்கூட காலியா இல்ல. அம்புட்டையும் புடிச்சிருக்கு."

"வண்டி ஃபுல் லோடு," என்று வாஜித்தும் ஒப்புக்கொண்டான்.

புதன்கிழமை காலை, ஃபுல் லோடு வண்டி கண்ணுசாமியின் ஸ்பீக்கரில் ஓடியது. ஆரம்பம் மெதுவான பாட்டு, பரவாயில்லை. அடி ஏறியதும் எல்லாம் கிழிந்தது. கரகர, கரகர என்று தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டு உருட்டுகிற மாதிரி. பாடுகிறவர் தொண்டையில் மீன் முள் சிக்கிக்கொண்ட மாதிரி.

"அப்பு," என்றார் கண்ணுசாமி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே. "எஞ் ஸ்பீக்கருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒன்னைய இங்கனயே இறக்கிவிட்டுட்டுப் போயிருவேன்."

"ஸ்பீக்கருக்கு ஒன்னும் ஆகலண்ணே. சாப்ட்வேர் சரியில்ல. இதையும் தூக்கிறணும்." செழியனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தூசி என்று துடைத்துக்கொண்டான். நாள் இரண்டுதான் பாக்கி. அதிலும் இன்றைக்கு வாஜித் பெட்டி, துணி வாங்க மதுரைக்குப் போகிறான்.

மூன்றாவது சீட்டிலிருந்து சண்முகவள்ளி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். மில்லில் அவள் நூற்கும் மிஷின் வரிசையில் வேலை பார்க்கிறவள். அறுந்த இழையை ஓட ஓட முடிச்சுப் போடுகிற வேலை.

"ஏண்ணே, மொதல்லேர்ந்து இன்னொருக்கா போடுங்க."

"நக்கல் பண்றதுக்கா?"

"போடுங்கண்ணே."

போட்டான். அவள் ஸ்பீக்கரைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். மெதுவான பாட்டு முடிந்து அடி ஏறிக் கரகரப்பு வந்ததும் கையைக் காட்டினாள்.

"எங்க டிபார்ட்மென்ட்ல முப்பது மிஷின் ஓடும். அம்புட்டு சத்தத்துலயும் ஒரு பேரிங் தேஞ்சா எங்களுக்குக் காதுல விழும். அது எப்பவும் கத்திக்கிட்டே இருக்கும், மிஷின மெதுவா விட்டாலும் கத்தும். இது அப்படி இல்லயே. மெதுவா பாடுறப்போ சுத்தமா இருக்கு. நீங்க ஏத்துறப்போ மட்டும் கிழியுது. சாப்ட்வேரு கெட்டுப்போயிருந்தா ரெண்டு எடத்துலயும்ல கெட்டிருக்கணும்?"

செழியன் வயரைப் பிடுங்கினான்.

"தாங்காத அளவுக்கு ஓட்டுறீங்கண்ணே. கொறச்சு ஓட்டிப் பாத்தீங்களா?"

"ஒனக்கு என்ன தெரியும்? நூலு சுத்துற வேலையப் பாரு."

"அதத்தான் பாக்கப் போறேன். இறங்குற எடம் வந்துருச்சு." அவள் டிபன் பையை எடுத்துக்கொண்டாள். "நோட்டுல டிக் போட்டாச்சா?"

அன்று பகல் முழுக்க ஸ்டோரில் செழியன் அடுக்கிய அட்டைப்பெட்டி ஒன்றும் நேராக நிற்கவில்லை. அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்க எட்டு மணி நேரம் யோசித்தான். எட்டு மணி நேரத்திலும் முடியவில்லை. அது அவனுக்கு மேலும் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் கட்டில் மேல் கன்சோலை வைத்து, தனியாக இரண்டு நிமிடம் போட்டான். மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் நடுக் குமிழைத் திருகிக் குறைத்தான். செகப்பு அணைந்தது. மஞ்சளும் அணைந்தது. பச்சை மட்டும் குதித்தது. அவனுக்கு என்னமோ பந்தி நடுவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி கூச்சமாக இருந்தது. தாய்மாமன் யாராவது வருகிறாரா என்று வாசலைக்கூட ஒருமுறை பார்த்தான். திரையில் சுவர் இல்லை. மேலும் கீழும் வெள்ளை இடம் விட்டு, நடுவில் மேடும் பள்ளமுமாக ஒரு நீலக் கோடு ஓடியது.

ஹெட்போனை மாட்டிக் கேட்டான்.

சுத்தம். துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி சுத்தம். இருநூறு விசேஷத்தில் போட்ட பாட்டு அது. அதன் அடியில் ஒருவர் மெல்லக் கஞ்சிரா வாசித்துக்கொண்டே இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. பாவம், ஆறு வருடமாக வாசித்திருக்கிறார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். செழியன் தலையணையை எடுத்துச் சுவரில் அடித்தான். நான்கு நாள்! நேற்றைய சாப்ட்வேர் நல்ல சாப்ட்வேர். தப்பு செகப்புக்குப் பழகிய விரலில்; திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது அது. கோபத்தை இனி யார்மேல் வைப்பது என்று தெரியாமல், ரம்மிக்குக் கூப்பிட்ட சாப்ட்வேரை மட்டும் நீக்கினான். அது போகமாட்டேன் என்றது.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டான். வாஜித் வீட்டில் செருப்பு வைக்க இடமில்லை, அவ்வளவு சொந்தம். பயணம் சொல்ல வந்தவர்களைத் தாண்டி மாடிக்கு ஏறி, கன்சோலை வைத்து, நடுக் குமிழைக் குறைத்து, விஷயத்தைச் சொன்னான். சண்முகவள்ளி பெயரைச் சொல்லவில்லை. "நான் யோசிச்சுப் பாத்தேன்டா," என்றான்.

வாஜித் பச்சை விளக்கைப் பார்த்து முகம் சுளித்தான். "என்னடா இது, மவுத்தான வீடு மாதிரி அழுது வடியுது."

"ரெக்கார்டு நல்லா வரும். வாசி."

நான்காவது நிமிடம், வாஜித் பாட்டு ஏறும்போது, அவன் இடது கை அவனைக் கேட்காமலேயே நடுக் குமிழுக்குப் போய் ஒரு திருகு திருகியது. செகப்பு எரிந்தது. வாஜித் முகத்தில் ஒரு நிம்மதி. திரையில் நீலச் சுவர்.

"டேய்!"

"கை தானாப் போகுதுடா."

மறுபடி முதலிலிருந்து. செழியன் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிழித்து விளக்கு வரிசை முழுவதையும் ஒட்டி மறைத்தான். குமிழையும் ஆடாமல் ஒட்டினான். வாஜித் கை இப்போது பாட்டின் தனிக் குமிழைத் தேடிப் போய் ஏற்றியது. ஒன்பதாவது நிமிடம், மறுபடி சுவர். மூன்றாவது தடவை பதினைந்து நிமிடம் ஒழுங்காகப் போனது. அப்போது வாஜித்தின் மாமா கிதர் முகம்மது ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு மேலே வந்தார்.

"வாஜித்து, இதத் தூக்கிப் பாரு, முப்பது கிலோ தாண்டுதா?"

வாஜித் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான். "இருபத்தெட்டு மாமா." அதற்குள் செழியன் பாட்டு முடிந்து, அறையில் ஒன்றுமே ஓடாமல், அந்த ஒன்றுமில்லாததும் மிகத் தெளிவாகப் பதிவாகிக்கொண்டிருந்தது.

மாமா இறங்கிப் போனதும் நான்காவது தடவை. ஏழாவது நிமிடம் வாஜித் கை மறுபடி ஏறியது.

செழியன் கன்சோலை அப்படியே நிறுத்தினான்.

"ஒனக்கு என்னடா பிரச்சினை? அந்தக் கைய வெட்டி வச்சுட்டு வாசிக்கத் தெரியாதா? நாளைக்கு நீ போயிருவ. அங்கன போயி ஏசியக் கழட்டிக்கிட்டு, ராத்திரி வந்து படுத்துக் கெடப்ப. கேக்குறதுக்கு ஒரு மண்ணும் இருக்காது. சித்தப்பன் விசிலடிக்கிற வீடியோவ வச்சு நாக்கு வழிச்சுக்கிட்டு இரு!"

கீழேயிருந்து யாரோ, "என்னடா அங்க சத்தம்?" என்று கேட்டார்.

"இன்ஸ்டாவுக்குன்னுல சொன்ன?" என்றான் வாஜித்.

"இன்ஸ்டாவுக்குத்தான்!" என்று கத்தினான் செழியன். காதெல்லாம் சூடாகியிருந்தது.

வாஜித் நாற்காலியை இழுத்துப் போட்டான். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்தான். வலது கையை மட்டும் கன்சோல் மேல் வைத்தான்.

"ஆரம்பி," என்றான்.

ஒற்றைக் கையால் வாசித்தான். முழங்கால் இடித்தது, செழியன் இறங்கினான். இவன் முழங்கால் இடித்தது, அவன் இறங்கினான். பத்து நிமிடம், இருபது நிமிடம். டேப்புக்கு அடியில் விளக்குகள் என்ன செய்தன என்று யாரும் பார்க்கவில்லை. திரையில் நீலக் கோடு மேலும் கீழும் இடம் விட்டு ஓடிக்கொண்டே இருந்தது. செழியன் மூச்சு விடவே பயந்தான். முப்பத்தோராவது நிமிடத்தில் கிதர் முகம்மது படியில் நின்று, "சோறு ஆறுது, எல்லாரும் ஒனக்காகத்தான் உக்காந்திருக்காக," என்று சொல்ல, வாஜித் பாட்டை மெல்ல இறக்கி முடித்தான். ஒரு மணி நேரம் போட வேண்டும் என்று திட்டம். கிடைத்தது முப்பத்தொன்று.

வாஜித் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தான். அது மரத்துப்போய் வெளுத்திருந்தது. வலது கையால் அதைத் தேய்த்துக்கொண்டே, "வாட்ஸ்அப்ல அனுப்பிரு," என்றான்.

"மூதேவி, போன எடு. அது சத்தத்த அமுக்கிரும், வயர்லதான் ஏத்தணும்."

போனில் இடமில்லை. பழைய ஏசி போர்டு படங்களை இருநூறு முந்நூறு அழித்த பிறகுதான் முப்பத்தோரு நிமிடமும் உள்ளே போனது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது செழியன் வாசலில் நின்று, "பாஸ்போர்ட்ட மறந்துறாத," என்றான். "நீ செருப்ப மாத்திப் போட்டிருக்க," என்றான் வாஜித். பயணம் சொல்லியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ரயிலும் மில் பஸ்ஸும் ஒரே நேரம். ஸ்டேஷனுக்குப் போக முடியவில்லை. வேடசந்தூர் ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"ஏலே, கேட்டேன்டா," என்றான் வாஜித். பின்னால் ரயில் சத்தம். "சவுண்டே கம்மியா இருக்கு."

செழியன் கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டான். "வால்யூமைக் கூட்டித் தொலைடா! அதுக்குத்தான்டா போன்ல பட்டன் வச்சிருக்கான்!"

வாஜித் லைனை வெட்டிவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டான்.

"ஆங்," என்றான் வாஜித். "இப்பக் கேக்குது." அப்புறம், "மாப்ள, அந்தக் கஞ்சிரா எங்கருந்துடா வந்துச்சு?" என்றான்.

"எப்பவும் இருந்துச்சு."

"பன்னெண்டாவது நிமிசத்தக் கேட்டியா? நீ லேட்டா இறங்கிருக்க. அரை அடி."

"நானா? நீதான்டா லேட்டா வந்த. நான் இறங்கி நின்னு ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன், தெளிவா விழுந்திருக்கு."

"முட்டிய எப்ப இடிச்சேன் நான்?"

"லேட்டாத்தான் இடிச்ச. ஆறு வருசமா லேட்டாத்தான் இடிக்கிற போல. அந்தக் கரகரப்புல தெரியாமப் போச்சு."

"போடா, ஒனக்குக் காது–"

டவர் போய்விட்டது. செழியன் திரும்பத் திரும்ப அடித்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று இந்த முறை ஒரு தமிழ்க்காரி பணிவாகச் சொன்னாள்.

"என்னண்ணே, காலங்காத்தால சண்டையா?" என்றாள் சண்முகவள்ளி.

"ஆமா." அவன் தன் போனிலும் ஏற்றி வைத்திருந்த பதிவைப் போட்டு, ஹெட்போனோடு நீட்டினான். ஒரு நிமிடம் கழித்து, "நீ சொன்னது சரிதான்," என்று நோட்டைப் பார்த்தபடி முனகினான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்தாள். நக்கல் பண்ணவில்லை.

மில் வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் செய்தி வந்தது.

'நான்தான் லேட்டு. ரெண்டு தடவ கேட்டுட்டேன். அந்த எடத்த மட்டும் வெட்டிட்டு, புதுசா அனுப்பு.'

செழியன் படிக்கட்டில் நின்று வெகுநேரம் அதைப் பார்த்தான். பிறகு பதில் அடித்தான்.

'அந்தச் சாப்ட்வேர்ல வெட்டுற வசதி இல்லடா.'

கத்தரிக்கோல் படம் போட்ட பட்டன், அந்தச் சாப்ட்வேர் திரையின் மேல் வரிசையிலேயே இருக்கிறது.